மூன்று நாள் மௌனம் யாருக்காக?

ஒரு படம் வெளியான முதல் மூன்று நாளும் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் சாமானியர்கள் அல்ல. 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ மூன்றையும் முதல் நாள் விமர்சனங்கள் பாதித்துவிட்டன, ஆகவே தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்காரர்களை விடக் கூடாது என்றது. அடுத்த மாதம் இன்னொரு அமைப்பான நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், முதல் மூன்று நாள் இணையத்தில் விமர்சனமே வராமல் தடுக்கச் சொல்லிக் கேட்டது. விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி நீதிபதி எஸ். சௌந்தர் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டார். 2025 ஜூலையில் நடிகர் விஷால் ஒரு விழா மேடையில், முதல் 12 காட்சிகளுக்குத் தியேட்டருக்குள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்க வேண்டாம் என்று வேண்டுகோள் வைத்தார். பக்கத்துக் கேரளத்திலும் இதே பேச்சுதான். அங்கே உயர் நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் 2024 மார்ச்சில் 48 மணி நேரக் கட்டுப்பாட்டைப் பரிந்துரைத்தார்.

நீதிமன்றத்தில் எடுபடாவிட்டாலும் இந்தக் கருத்து வெளியே நன்றாகவே எடுபட்டுவிட்டது. டிக்கெட் வாங்கி ஏமாந்து வந்தவர்கூட, “நாம எதுக்குச் சொல்லிக்கிட்டு, பாவம், ஒருத்தன் பொழப்பு” என்கிறார். தனக்குத் தோன்றியதை நாலு வரி எழுதுவது ஏதோ குற்றம் என்கிற நினைப்பு ரசிகர்கள் மனதிலேயே புகுந்துவிட்டது. அதனால்தான் இதை விலாவாரியாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அவர்கள் வாதத்தை அவர்கள் சொல்கிற வலுவோடே சொல்லிவிடுகிறேன். ஒரு படத்துக்கு இரண்டு வருடம், மூன்று வருடம் உழைப்பு. இயக்குநரிலிருந்து லைட்மேன் வரை நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சாப்பாடு. வட்டிக்கு வாங்கிய பணம். இத்தனையையும் காலை ஒன்பது மணிக் காட்சியின் இடைவேளையிலேயே ஒருவர் கைபேசியில் ‘மொக்கை’ என்று தட்டி முடித்துவிடுகிறார். அவருக்குச் சினிமா தெரியாது. எதிர் நடிகரின் ரசிகராக இருக்கலாம். காசு வாங்கியிருக்கலாம். படமே பார்க்காமலும் இருக்கலாம். அதைப் படித்தவர்கள் டிக்கெட் எடுக்காமல் நின்றுவிடுகிறார்கள். முன்பெல்லாம் பத்திரிகை விமர்சனம் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் படம் தன் காலில் நின்றுகொள்ளும். அந்த அவகாசத்தில் மூன்றே மூன்று நாளைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார்கள்.

இந்த வாதத்துக்குப் பின்னால் உண்மையான வலி இருக்கிறது. வலி இருப்பதாலேயே வாதம் சரியாகிவிடாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. விமர்சனம் படத்தைக் கொல்லும் என்றால், விமர்சனம் படத்தைப் பிழைக்க வைக்கவும் வேண்டும் அல்லவா? ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்தது. பத்திரிகைகள் பாராட்டின. ஓடவில்லை. ‘ஆரண்ய காண்டம்’ 2011இல் வந்தது. எழுதியவர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும் படத்தொகுப்புக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தன. தியேட்டரில் கூட்டம் இல்லை. மறுபக்கம், எல்லோரிடமும் திட்டு வாங்கி நூறு நாள் ஓடிய படங்கள் எத்தனையோ உண்டு. எழுதப்பட்ட விமர்சனத்துக்கும் வசூலுக்கும் இவர்கள் சொல்கிற நேர்க்கோட்டுத் தொடர்பு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

தொடர்பு இருப்பது வேறொன்றோடு. படம் பார்த்தவர், பார்க்காதவரிடம் சொல்கிற பேச்சு. தொழிலில் இருப்பவர்கள் அதை ‘மவுத் டாக்’ என்பார்கள். படம் வெளியாகும் வாரம் அவர்கள் தினமும் விசாரிப்பதே அதைத்தான். இன்றைக்குக் கைபேசியில் எழுதப்படும் நாலு வரி அந்தப் பேச்சின் இன்றைய வடிவம். அது யாரைக் கொன்றது என்ற கணக்கைச் சங்கங்கள் வைத்திருக்கின்றன. யாரைக் காப்பாற்றியது என்ற கணக்கையும் வைக்க வேண்டாமா?

‘16 வயதினிலே’ படத்தை 1977இல் வாங்க விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தானே வெளியிட்டார். கோவணம் கட்டி நொண்டி நடக்கும் கமல்ஹாசனைப் பார்த்தவர்கள் ஊரில் போய்ப் பேசினார்கள். ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் கொடுத்தது. படம் வெள்ளி விழாக் கண்டது. ‘சேது’வின் கதை இன்னும் தெளிவானது. விக்ரம் அப்போது ஏறக்குறைய பத்து வருடமாக நடித்துக்கொண்டிருந்தார். தனியாகப் பெயர் சொல்லும் வெற்றி இல்லை. பாலா புதுமுக இயக்குநர். முன்னோட்டக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டும் வாங்க ஆளில்லை. 1999 டிசம்பர் 10ஆம் தேதி ஒருவழியாக வெளியானபோது சென்னைப் புறநகர் தியேட்டர் ஒன்றில் பகல் காட்சி மட்டும்தான் கிடைத்தது. பகல் காட்சி என்றால் வேலைக்குப் போகிறவர்களும் குடும்பங்களும் வராத நேரம். பார்த்த கொஞ்சப் பேர் வெளியே வந்து பேசினார்கள். காட்சிகள் கூடின, தியேட்டர்கள் கூடின, நூறு நாளைத் தாண்டியது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வந்தது. இயக்குநர் பாலாவையும் நட்சத்திரம் விக்ரமையும் நமக்குத் தந்தது முகம் தெரியாத அந்த ஐம்பது, நூறு பேரின் பேச்சு. அவர்கள் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பகல் காட்சியும் போயிருக்கும்.

இருபத்தைந்து வருடம் தள்ளி வாருங்கள். 2024 பிப்ரவரியில் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்தது. மலையாளப் படம், தமிழ் டப்பிங் இல்லை, இங்கே கூட்டம் இழுக்கும் நடிகர் ஒருவரும் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. அதற்கு இங்கே விளம்பரம் செய்தவர்கள் பார்த்துவிட்டு வந்து எழுதியவர்கள். அதில் வரும் கொடைக்கானல் குகையையும் ‘குணா’ பாட்டையும் நினைத்துக்கொண்டு ‘குணா’வைத் திரும்பப் பார்த்து எழுதியவர்களும் அவர்களில் உண்டு. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு மோதித் தோற்ற படம் அது.

2. விமர்சனம் தப்பு என்றால் கத்திரியை ஏன் எடுத்தீர்கள்? ‘இந்தியன் 2’ 2024 ஜூலை 12இல் வெளியானது. ரொம்ப நீளம் என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். சில நாட்களிலேயே 12 நிமிடம் வெட்டப்பட்டது. ‘கங்குவா’ நவம்பர் 14இல் வெளியானது. முதல் காட்சி முடிந்து வந்தவர்கள், காது வலிக்கிறது, சத்தம் தாங்க முடியவில்லை என்று எழுதினார்கள். ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்காரர்களிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜாவே தெரிவித்தார். பிறகு அதிலும் 12 நிமிடம் வெட்டப்பட்டது. அந்தப் படத்துக்காக வாதாடி ஜோதிகா எழுதிய பதிவில்கூட, முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை, சத்தம் உறுத்துகிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டுதான் மேலே பேசினார். அந்தப் பதிவும் ஒரு சின்ன, தனிப்பட்ட விமர்சனம்தான். நேர்மையான விமர்சனம்.

இப்போது மூன்று நாள் தடை அமலில் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காது வலித்தவர் எழுதவில்லை. இரண்டாம் நாள் வந்தவருக்கும் வலித்தது. மூன்றாம் நாள் குழந்தையோடு வந்தவருக்கும் வலித்தது. ஒலியைக் குறைக்க யாருக்கும் தோன்றியிருக்காது, ஏனென்றால் யாரும் சொல்லவில்லை. ரசிகன் சொன்னதைக் கேட்டுப் படத்தைத் திருத்திக்கொண்டு, சொன்ன ரசிகனையே குற்றவாளியாக நிறுத்துவது நியாயமா?

வெட்டியது எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். ‘மெய்யழகன்’ வெளியான சில நாளில் 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். எனக்கு அந்தப் படத்தின் நிதானம் பிடித்திருந்தது. பெயர் ஞாபகம் வராத ஒருவனின் அன்பை இரவெல்லாம் வாங்கிக்கொண்டு கூசிப் போகிறவனின் கதைக்கு அந்த நீளம் தேவை. நீளம் என்று எழுதியவர்கள் அங்கே தவறினார்கள் என்பது என் கட்சி. அதற்குப் பதில் அவர்கள் வாயை அடைப்பது அல்ல. என்னைப் போன்றவர்கள் எழுதுவதுதான் பதில். பலர் எழுதினார்கள். வீட்டுத் திரைக்கு வந்தபோது அந்தப் படத்துக்கு இன்னொரு சுற்று ரசிகர்கள் கிடைத்தார்கள்.

3. ஏன் மூன்று நாள்? இரண்டு நாள் இல்லை, ஐந்து நாள் இல்லை, ஏன் மூன்று? வெள்ளி, சனி, ஞாயிறு என்பதால். தியேட்டர் வசூலில் விநியோகஸ்தரின் பங்கு முதல் வாரத்தில் அதிகம். வாரம் போகப் போகக் குறையும். படம் நாலு வாரத்தில் ஓடிடிக்குப் போய்விடும். போட்ட பணத்தை எடுக்கிற அவசரம் முழுவதும் அந்த மூன்று நாளில் குவிந்திருக்கிறது. 1944 தீபாவளிக்கு வெளியான பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. அப்படி ஓடிய காலத்தில் முதல் வார விமர்சனம் தாமதமாக வந்ததால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. இன்று பணம் வசூலாகிற நாட்களும் தகவல் மறைக்கப்பட வேண்டிய நாட்களும் ஒன்றாக இருக்கின்றன. ‘பொறுத்திருங்கள்’ என்ற கோரிக்கையின் உள்ளர்த்தம், ‘நாங்கள் வசூலித்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள்’ என்பதுதான்.

வசூலிக்கப்படுவது யாருடைய பணம்? சென்னை மல்டிபிளெக்ஸுக்கு ஒரு குடும்பம் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு டிக்கெட், முன்பதிவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் காசு, குழந்தை கேட்கிற பாப்கார்ன் எல்லாம் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு கொத்தனாரின் முழு நாள் கூலி அது. அந்தப் பணத்தை எடுக்கும் முன் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல, ஏற்கெனவே பார்த்தவருக்கும் உரிமை உண்டு.

அந்த மூன்று நாளும் ஊரே மௌனமாக இருக்கப் போவதில்லை என்பதையும் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை மாலையே ‘மாபெரும் வெற்றி’ என்று சுவரொட்டி அடிக்கிறார்கள். நட்சத்திரங்கள் பேட்டி கொடுக்கிறார்கள். சிறப்புக் காட்சிக்கு அழைக்கப்பட்ட பிரபலங்கள் ‘பிரமாதம்’ என்று பதிவு போடுகிறார்கள். இவற்றுக்கு மூன்று நாள் தடை வேண்டும் என்று எந்தச் சங்கமும் கேட்கவில்லை. புகழ்ச்சிக்குத் தடை இல்லை, குறை சொல்ல மட்டும் தடை என்றால், கிடைப்பது மௌனம் இல்லை, ஒருதரப்புப் பேச்சு.

அதைவிடக் கொடுமை, இந்தத் தடையில் முதலில் சாவது சின்னப் படம். பெரிய நடிகரின் படத்துக்கு வெளியீட்டுக்கு முன்பே டிக்கெட் விற்றுவிடும். விமர்சனம் இல்லாவிட்டாலும் ஞாயிறுவரை கூட்டம் வரும். அறிமுக இயக்குநரின் படத்துக்கு வெள்ளிக்கிழமை ஒரு தியேட்டரில் ஒன்றிரண்டு காட்சிகள்தான் கிடைக்கும். வெள்ளி இரவு பேச்சுக் கிளம்பினால்தான் சனிக்கிழமை ஆள் வருவார்கள். சனி, ஞாயிறு ஆள் வந்தால்தான் திங்கட்கிழமை காட்சி மிஞ்சும். 2025 மே 1ஆம் தேதி சூர்யாவின் ‘ரெட்ரோ’ வந்த அதே நாளில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தது. புது இயக்குநர், இலங்கையிலிருந்து தப்பி வரும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. பார்த்தவர்கள் அன்றே எழுத ஆரம்பித்ததால் அது வாரக்கணக்கில் ஓடியது. 2024 செப்டம்பரில் வந்த ‘லப்பர் பந்து’வும் அப்படித்தான் வளர்ந்தது. மூன்று நாள் மௌனம் சட்டமாகியிருந்தால், இந்த இரண்டு இயக்குநர்களையும் இன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தயாரிப்பாளர் சங்கங்களில் சின்னப் பட்ஜெட் தயாரிப்பாளர்களே அதிகம். தங்கள் பெயரால் கேட்கப்படும் இந்தத் தடை தங்களையே முடித்துவிடும் என்று அவர்கள் எழுந்து சொல்ல வேண்டும்.

நடைமுறையிலும் இது நிற்காது. தமிழ்நாட்டில் ஒன்பது மணிக்கு முன்னால் காட்சி கிடையாது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் பெரிய படங்களுக்கு அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் முந்தின நாளே பிரீமியர். திருச்சிக்காரர் வாயைக் கட்டினால் டல்லாஸ்காரர் எழுதுவார். மிஞ்சுவது இங்கே சொந்தக் காசில் பார்த்தவர் மட்டும் பேசக் கூடாது என்கிற அவமானம்தான்.

4. ‘சினிமா தெரியாதவன் எப்படி விமர்சிக்கலாம்?’ இந்தக் கேள்விக்குத் தமிழ் சினிமாவே பதில் வைத்திருக்கிறது. 1950களின் கடைசியில் காரைக்குடி அழகப்பா கல்லூரி விழாவுக்கு எம்.ஜி.ஆர். வந்தார். பேச வாய்ப்புக் கிடைத்த மாணவர்களில் ஒருவர், தமிழ்ப் படங்கள் எவ்வளவு பொய்யாக இருக்கின்றன, காதலர்கள் தெருவில் ஆடிப் பாடினாலும் ஊரில் ஒருவரும் கண்டுகொள்வதில்லையே என்று எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே போட்டு உடைத்தார். கேமராவைத் தொட்டறியாத மாணவர். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை. சிறந்த விமர்சகராக வரக்கூடியவர் என்று பாராட்டிக் கைப்பட எழுதிக் கொடுத்தார். பின்னால் சென்னையில் அவரையே அழைத்து ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார். அந்த மாணவர்தான் மகேந்திரன். ‘துக்ளக்’கில் படங்களைக் கிழித்துத் தொங்கவிட்டவர். ‘தங்கப்பதக்கம்’ எழுதியவர். 1978இல் ‘முள்ளும் மலரும்’, 1979இல் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தவர்.

பிரான்சிலும் இதுதான் நடந்தது. கடுமையாக எழுதியதால் 1958 கான் விழாவுக்கு அழைக்கப்படாத விமர்சகர் ஃபிரான்சுவா த்ரூஃபோ, அடுத்த வருடமே தன் முதல் முழுநீளப் படத்துக்கு அங்கே சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். படம் எடுக்கத் தெரிந்தவர்கள் மட்டும் படத்தைப் பற்றிப் பேசலாம் என்றால் நாளை படம் எடுக்கப் போகிறவர்கள் எங்கே பேசிப் பழகுவார்கள்?

எம்.ஜி.ஆர். என்ற அன்றைய உச்ச நட்சத்திரத்துக்கு இருந்த பெருந்தன்மையில் கால்வாசி இன்றைய சங்கங்களுக்கு இருந்தால் போதும்.

5. நாலு வரியில் என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்கிறார்கள், படித்தவர்களும் சேர்ந்துகொண்டு. விமர்சனம் என்றால் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, சமூகப் பின்னணி எல்லாம் அலசி நாலு பக்கம் எழுத வேண்டுமாம். அப்படி எழுதுகிறவர்கள் எழுதட்டும், எனக்கும் அவை வேண்டும். ஆனால் நாலு வரிக்கு உள்ள வலு தனி. ‘உதிரிப்பூக்கள்’ பற்றி நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

“விஜயன் ஆற்றில் இறங்கும்போது அவன் மேல் இருந்த வெறுப்பு திடீரென்று எங்கோ போய்விட்டது. கரையில் நின்ற ஊர்க்காரர்களைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. படம் முடிந்ததும் அந்த இரண்டு பிள்ளைகளை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலையோடு எழுந்தேன்.”

‘அந்த நாள்’ பற்றி:

“1954இல் பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம். தொடங்கிய உடனே சிவாஜி சுடப்பட்டுச் செத்துப்போகிறார். சுட்டது யார் என்பதைவிட, ஒவ்வொருவர் வாயிலும் அந்த மனிதன் ஒவ்வொரு மாதிரி இருக்கிறானே என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வெளிச்சமும் நிழலும் பார்க்கவே இன்னொரு முறை பார்ப்பேன்.”

இதில் தீர்ப்பு எதுவும் இல்லை. நான் இன்ன ஆள், இந்த இடத்தில் எனக்கு இப்படி ஆயிற்று என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்கிறார். படிப்பவர் தன் ருசியை அதோடு உரசிப் பார்த்துக்கொள்ளலாம். நடுநிலை என்ற போர்வையில் எழுதப்படும் பல நீண்ட கட்டுரைகளில், எழுதியவருக்குப் படம் பிடித்ததா இல்லையா என்பதே தெரியாது. தனிப்பட்ட கருத்து என்று ஒதுக்குகிறார்களே, அதன் பலமே தனிப்பட்டதாக இருப்பதுதான். இருட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் அழுகிறோம்.

6. உழைப்பை மதிக்க வேண்டாமா? கட்டாயம் மதிக்க வேண்டும், ஒழுங்கான சம்பளத்தால். படம் ஓடினால் லைட்மேனின் பேட்டா கூடுவதில்லை. ஓடாவிட்டால், வேலை செய்த நாளுக்கான கூலி பாக்கியில் நிற்கக் கூடாது. அதற்கும் விமர்சனத்துக்கும் சம்பந்தமில்லை. சம்பளப் பாக்கி நிற்கும்போது நினைவுக்கு வராத தொழிலாளர் குடும்பங்கள், படம் பிடிக்கவில்லை என்று ஒரு ரசிகர் எழுதும்போது மட்டும் முன்னால் நிறுத்தப்படுகின்றன. அந்த ரசிகரும் உழைக்கிறவர்தான்.

7. காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்களே? எழுதுகிறார்கள். பணம் கேட்டு மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். படம் பார்க்காமல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நடிகையின் உடம்பைப் பற்றி அசிங்கமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்காக ஒரு வார்த்தைகூட வாதாட மாட்டேன். காட்சி முடிந்து கண் கலங்கி வருகிறவர் முகத்தில் பத்து மைக்கை நீட்டுவதும் தொல்லைதான். தன் வளாகத்துக்குள் யாரை விடுவது என்பது தியேட்டர்காரர் முடிவு. அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் காசு கொடுப்பது யார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். திட்டுவதற்குக் காசு கொடுக்கிறவர்கள் இருந்தால், புகழ்வதற்குக் காசு கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். சந்தையைத் திறந்து வைத்தவர்கள் படத்துறைக்குள்ளேயே இருக்கிறார்கள். விளம்பரச் செலவுக் கணக்கைத் திறந்து பார்த்தாலே தெரியும். காசுக்கு எழுதுகிறவர்களைத் தோற்கடிக்க ஒரே வழி, காசு வாங்காமல் எழுதுகிறவர்கள் பெருகுவது. தடை வந்தால் முதலில் அடங்கிப்போகிறவர்கள் சொந்தக் காசில் பார்த்து எழுதுகிற பயந்த சுபாவக்காரர்கள். தொழிலாகச் செய்கிறவர்கள் வேறு பெயரில் வேறு ஊரிலிருந்து எழுதிக்கொண்டேயிருப்பார்கள்.

எல்லை எது என்பதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவில் அவதூறுக்கான விதிவிலக்குகளில் ஆறாவது இதைப் பற்றியது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அது அப்படியே இருக்கிறது. பொதுமக்களின் மதிப்பீட்டுக்கு ஒருவர் முன்வைத்த படைப்பின் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறு ஆகாது. அந்தப் படைப்பில் தெரிகிற அளவுக்குப் படைத்தவரின் குணத்தைப் பற்றியும் பேசலாம். அதற்கு மேல் கூடாது. சட்டமே உதாரணமும் தருகிறது. புத்தகம் முட்டாள்தனமாக இருக்கிறது, ஆகவே எழுதியவர் புத்தி பலவீனமானவராக இருக்க வேண்டும் என்று சொல்லலாம். அந்த ஆள் ஒழுக்கம் கெட்டவன், அவன் புத்தகம் வேறு எப்படி இருக்கும் என்று சொன்னால் விதிவிலக்கு கிடையாது. படத்திலிருந்து ஆளுக்குப் போகலாம், ஆளிலிருந்து படத்துக்கு வரக் கூடாது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கிற இந்தக் கோடு போதும். தாண்டியவர் மேல் புகார் கொடுங்கள். தாண்டாதவரை விட்டுவிடுங்கள். படத்தை டிக்கெட் விற்றுத் திரையிட்ட நிமிடமே அது மக்கள் மதிப்பீட்டுக்கு வந்துவிட்டது. மூன்று நாள் கழித்து வருவதில்லை.

8. ‘புதுப் படத்தை விடுங்கள், பழைய படத்தை இப்போது ஏன் கிளற வேண்டும்?’ இது இன்னொரு கூட்டத்தின் கேள்வி. அந்தக் காலத்துப் படத்தை அந்தக் காலத்துக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்கிறார்கள். அந்தக் காலத்துக் கண் நமக்கு எங்கே இருக்கிறது? 1972இன் ‘பட்டிக்காடா பட்டணமா’ தேசிய விருது பெற்ற படம். சிவாஜியின் வேகத்தை இன்றும் ரசிக்கிறேன். ஜெயலலிதாவின் பாத்திரத்தை அடக்குவதற்காகவே கதை நகரும்போது என்னால் அன்றைய கூட்டத்தோடு சேர்ந்து கைதட்ட முடியவில்லை. இரண்டையும் எழுதினால் படத்துக்கு அவமரியாதை ஆகாது. இரண்டு தலைமுறைக்கு நடுவே என்ன மாறியது என்று அங்கே தெரிகிறது. பழைய படம் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் கிடக்கிறது. யாராவது அதைப் பற்றி இன்று நாலு வரி எழுதினால்தான் இருபது வயதுக்காரர் ஒருவர் தேடிப் பிடித்துப் பார்ப்பார்.

எழுதப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31இல் வெளியானது. நாயகி டி.பி. ராஜலட்சுமி. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அதில் தமிழோடு தெலுங்கும் ஒலித்தது என்று இன்று நமக்குத் தெரிவது அன்றைய பத்திரிகைக் குறிப்புகளாலும், நேரில் பார்த்தவர்கள் சொல்லி வைத்ததாலும்தான். ஆராய்ச்சியாளர்கள் தூசி தட்டித் தேடுவது அந்தச் சின்னச் சின்னக் குறிப்புகளை. அன்று அரங்கில் உட்கார்ந்திருந்த இன்னும் பத்துப் பேர் தங்களுக்குத் தோன்றியதை எழுதி வைத்திருந்தால், தமிழ் சினிமாவின் பிறப்பைப் பற்றி நமக்கு இன்னும் எவ்வளவோ தெரிந்திருக்கும்.

தயாரிப்பாளர் சங்கங்கள் இந்தக் கோரிக்கையைக் கைவிட வேண்டும். முன்னோட்டக் காட்சியைச் சாதாரண ரசிகர்களுக்குப் போடுங்கள், ஒலியையும் நீளத்தையும் வெளியீட்டுக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள், புகழ்வதற்குக் காசு கொடுப்பதை நிறுத்துங்கள். இந்த மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. பெயர் தெரியாத இயக்குநரின் படம் ஒன்று அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் ஊரில் ஒரே ஒரு காட்சி ஓடினால் போய்ப் பாருங்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அன்றிரவே எழுதுங்கள். எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி, சொந்தக் காசா என்பதையும் சொல்லுங்கள். உங்கள் பெயரைப் போடுங்கள். கதையின் முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். தள்ளிப் போடவும் வேண்டாம், திங்கட்கிழமை அந்தப் படம் அங்கே இருக்காது.